பால்கனியில் தெரியும் மலை யாருடையது?

நாகர்கோவிலில் என் அக்கா இருப்பது நாலாவது மாடி. வடக்குப் பார்த்த பால்கனி. காலையில் காப்பி டம்ளரோடு அங்கே போய் நின்றால் தாடகை மலை முழுசாகத் தெரியும். மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணின் நெற்றி, மூக்கு, தாடை என்று சின்ன வயதில் எங்களுக்குக் காட்டித் தந்த அதே மலை. மழை வருகிறதென்றால் முதலில் அந்த மூக்கு மறையும். அதைப் பார்த்துத்தான் அக்கா கொடியில் கிடக்கும் துணியை எடுப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பணத்தில் வாங்கிய வீடு. வாங்கும்போது அவள் பார்த்தது அடுக்களையையோ லிப்டையோ இல்லை, அந்த மலையைத்தான்.

பால்கனிக்குக் கீழே ஒரு தென்னை விளை, அதாவது தோப்பு, 20 சென்ட் இருக்கும். ஒரு நாள் மரங்களை வெட்டினார்கள். அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. பில்லர் கம்பிகள் தலை தூக்கியபோது அக்கா எனக்குப் போன் போட்டாள்: "ஏலே, கோர்ட்டுல போய் ஒரு ஸ்டே வாங்கிரலாமா?"

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியை இப்போது பலர் கேட்கிறார்கள். ஓட்டு வீடும் சுற்றிலும் விளையும் கிணறுமாக வாழ்ந்த ஊர் இது. 2011 கணக்கெடுப்பிலேயே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர் இருந்தார்கள். இடம் சுருங்கியது, வீடுகள் மேலே போயின. 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சியும் ஆகிவிட்டது. பிளாட் வாழ்க்கை நமக்குப் புதுசு, அதன் சண்டைகளும் புதுசு. அதனால் அக்காவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பதில். மலை மறைகிறது, கடல் மறைகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பக்கத்து மனைக்காரர் கட்டுவதைத் தடுக்க முடியாது. காட்சிக்கு நம் நாட்டில் தனி உரிமை கிடையாது. ஆனால் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உண்டு, சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் கிரையப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள். மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு என்று பழைய பாணியில் எழுதியிருக்கும். மேலேயும் கீழேயும் எழுதினார்கள், பக்கவாட்டில் எதையும் எழுதவில்லை. பக்கவாட்டில் இருப்பது நான்கெல்லை மட்டும்தான். அக்காவின் பத்திரத்தில் வடக்கெல்லைக்கு நேராக, இன்னாருடைய விளை என்று தெளிவாகவே இருக்கிறது. அவள் வாங்கியது பிளாட்டும் அடிமனையில் பிரிபடாத ஒரு பங்கும். மலையைப் பார்த்த வழி அடுத்தவர் விளைக்கு மேலே போகிற வழி. அந்த விளை காலியாகக் கிடந்த காலம் வரை மலை தெரிந்தது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? 1610-இல் இங்கிலாந்தில் அல்ட்ரெட் என்பவர் போட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. அவர் வீட்டை ஒட்டிப் பக்கத்து மனைக்காரர் பன்றிக் கொட்டில் கட்டினார், நாற்றம் தாங்கவில்லை. தீர்ப்பு அல்ட்ரெட்டுக்கு ஆதரவாக வந்தது. அதில்தான் நீதிபதிகள் ஒரு கோடு போட்டார்கள். வெளிச்சமும் நல்ல காற்றும் மனிதனுக்குத் தேவை, அதைக் கெடுத்தால் வழக்குப் போடலாம். கண்ணுக்கு அழகான காட்சி மகிழ்ச்சிக்கான விஷயம், அதற்கு வழக்கு கிடையாது. நானூறு வருஷம் கழிந்தும் நாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம்.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடுமை. மயாமி கடற்கரையில் ஃபவுன்டன்ப்ளூ, ஈடன் ராக் என்று அடுத்தடுத்து இரண்டு பெரிய ஓட்டல்கள். ஃபவுன்டன்ப்ளூ 14 மாடிக்குப் புதுக் கட்டடம் எழுப்பியது. குளிர்காலத்தில் மதியத்துக்கு மேல் அதன் நிழல் ஈடன் ராக்கின் நீச்சல் குளத்தில் விழுந்தது. வெயில் காயத்தானே அங்கே ஆட்கள் வருகிறார்கள்! ஆனாலும் 1959-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வெயிலுக்கும் காற்றுக்கும் உரிமை கோர முடியாது என்று சொல்லிவிட்டது. காட்சி மட்டுமில்லை, வெளிச்சமும் போயிற்று. அந்த நாட்டு நகரங்களில் பிளாட் வாங்கியவர்கள், எதிரே ஒரு கோபுரம் எழும்பும்போது பெரும்பாலும் திட்ட அனுமதிக் கூட்டங்களில்தான் போராடுகிறார்கள். நீதிமன்றத்தில் அவர்களுக்குப் பிடி குறைவு.

நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் அது. பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர் ஆட்கள் 'வழிப் பாத்தியம்' என்று சொல்வதும் இதில்தான் அடங்கும். அடுத்தவர் நிலத்தின் வழியாக நடக்கவோ, தண்ணீர் கொண்டு போகவோ, வெளிச்சமும் காற்றும் பெறவோ ஒருவருக்கு இருக்கும் உரிமைதான் வசதியுரிமை. இந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது இது: ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 வருஷம் யாரும் தடுக்காமல், சமாதானமாக, உரிமையோடு அனுபவித்து வந்தால் அது நிலையான உரிமையாகிவிடும். எதிரே இருப்பது அரசு நிலம் என்றால் 30 வருஷம்.

இதில் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று அவிழ்ந்தாலும் வழக்கு நிற்காது.

20 வருஷம் என்பது கட்டடத்துக்கான கணக்கு. காலி மனையில் அடிக்கும் வெயிலுக்கும் வீசும் காற்றுக்கும் இந்த உரிமை வராது, 17-ஆம் பிரிவு அதைத் தெளிவாக விலக்கியிருக்கிறது. அக்கா பிளாட் வாங்கியது 2014-இல், கட்டி முடித்ததும் அதே வருஷம். கணக்கு இன்னும் நிறையவில்லை. நம் மாவட்டத்துப் பிளாட்டுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். ஆனால் பழைய வீட்டுக்காரர்களுக்கு இது கைகொடுக்கும். 40 வருஷமாகக் கோட்டாற்றிலோ வடசேரியிலோ ஒரு ஜன்னல் வழியாக வெளிச்சம் வாங்கிய குடும்பத்துக்கு அந்த ஜன்னல் வெறும் ஜன்னல் இல்லை, அது ஒரு உரிமை.

இரண்டாவது முடிச்சு காலதாமதம். அந்த 20 வருஷம், வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். எதிரே சுவர் எழும்பியதைத் தெரிந்துகொண்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால், ஓடிய கணக்கே அறுந்துவிடும். "பாத்துக்கிடலாம்" என்று இருந்தவர்கள்தான் கடைசியில் தோற்கிறார்கள்.

மூன்றாவது, இழப்பு கணிசமாக இருக்க வேண்டும். முன்பைவிட வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்றால் போதாது. வீட்டில் இருப்பவர்களின் உடல் சௌகரியம் கெட வேண்டும், அல்லது வீட்டின் மதிப்பு நன்றாகக் குறைய வேண்டும், அல்லது வழக்கமாகச் செய்துவந்த தொழில் தடைபட வேண்டும். பகலிலேயே விளக்குப் போட்டுச் சமைக்க வேண்டியிருக்கிறது என்றால் பேசலாம். பால்கனியில் நின்றால் மனசு நிறைவதில்லை என்றால் அது உண்மையான இழப்புதான், எனக்கும் தெரியும், ஆனால் சட்டத்தின் தராசில் அது ஏறாது.

கடைசி முடிச்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உரிமை நம் பக்கமே இருந்தாலும், அடுத்தவர் கட்டிய சுவரை நாமே இடிக்கக் கூடாது. 36-ஆம் பிரிவு தடுக்கிறது. நீதிமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, எதிரே எவ்வளவு உயரம் வரும்? தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேலே போவதை 'உயரமான கட்டடம்' என்று பிரிக்கின்றன. அடிக்கணக்கில் 60. அதற்குள் என்றால் கார் நிறுத்தும் தளத்தின் மேல் ஐந்து மாடி வரும். விதிகள் வந்தபோது, 60 அடிக்குள் அடங்கும் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்குத் தளப்பரப்பு கட்டலாம் என்று இருந்தது. அதற்கு மேல் உயர்ந்தால் அகலமான சாலையில் 3.25 மடங்கு வரை. ஆனால் உயரமான கட்டடத்துக்கு நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும். 30 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் விட வேண்டும். இந்த அளவுகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், பிளான் போடும் நாளில் நடப்பில் உள்ளதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை அக்காவின் பக்கத்து விளைக்குப் பொருத்திப் பார்த்தேன். 20 சென்ட் என்றால் 8,712 சதுர அடி. இரண்டு மடங்கு 17,424. பொதுப் பகுதிகளையும் சேர்த்துப் பிளாட்டுக்கு 1,200 சதுர அடி போட்டால் பதினாலு பிளாட். மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 28 மீட்டர். கோபுரம் கட்டுகிறேன் என்று இரண்டு பக்கமும் 7 மீட்டர் விட்டால் நடுவில் 14 மீட்டர்தான் மிஞ்சும். அதற்குள் லிப்ட், படி எல்லாம் போக வீடு எங்கே? அதனால்தான் நம் ஊரில் சின்ன மனைகளில் 60 அடிக்குள்ளேயே நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் காலியாகக் கிடந்தால் கணக்கு வேறு. அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

அதற்காக 60 அடி சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். மலை மறைய எவ்வளவு சுவர் வேண்டும் என்று அக்காவுக்கு ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பத்து கிலோமீட்டர் தள்ளி 500 மீட்டர் உயரத்தில் ஒரு மலை நிற்கிறது என்று வையுங்கள். 30 அடி தூரத்தில் ஒரு சுவர் எழும்பினால், அந்த முழு மலையையும் மறைக்க, கண் மட்டத்துக்கு மேல் அந்தச் சுவர் எவ்வளவு உயர வேண்டும்? ஒன்றரை அடி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பாதி. பென்சிலை வைத்துவிட்டு அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வெளிச்சத்தைவிட நம் மாவட்டத்தில் நான் அதிகம் கவலைப்படுவது காற்றைப் பற்றித்தான். நாகர்கோவில் பூமத்திய ரேகைக்குச் சுமார் எட்டு டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். சூரியன் தெற்கே ஒதுங்கும் மார்கழியில்கூட மதியத்தில் 58 டிகிரி உயரத்தில் இருக்கும். அதனால் வடக்கே ஒரு கட்டடம் வந்தால் நமக்கு வெயில் அவ்வளவாகக் குறையாது. குளிர் நாடுகளில் நிழல்தான் பெரிய சண்டை, இங்கே அப்படி இல்லை. ஆனால் காற்று? ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்றில்தான் நம் வீடுகள் மூச்சு விடுகின்றன. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் காற்று அது. மேற்குச் சுவருக்குப் பத்தடி தள்ளி ஒரு ஐந்து மாடி நின்றுவிட்டால், மீன் பொரித்த வாசம் ராத்திரி வரை வீட்டைவிட்டுப் போகாது. துணி காயாது. ஐப்பசி மழையில் சுவர் பூசணம் பிடிக்கும். பிளாட் பார்க்கப் போகிறவர்கள் காட்சி இருக்கும் பக்கத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் மேற்கே என்ன கிடக்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

கடல் பார்த்த பிளாட் என்றால் ஒரு கூடுதல் விஷயம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அதற்காகக் கடலுக்கும் நமக்கும் நடுவே எதுவும் வராது என்று நம்ப முடியாது. ஏற்கெனவே ஊர் வளர்ந்த பகுதிகளில், இருக்கிற சாலைக்கு நிலப் பக்கமாகக் கட்ட அனுமதி உண்டு. கன்னியாகுமரியில் கடல் பார்த்த அறைக்கு லாட்ஜில் வாடகை கூடுதல் வாங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கூடுதல் ஒரு ராத்திரிக்கு. பிளாட்டில் அதே கூடுதலை ஆயுசுக்கும் சேர்த்து முன்கூட்டியே கொடுக்கிறோம். மாடி ஏற ஏற சதுர அடிக்கு இவ்வளவு என்று பில்டர்கள் ஏற்றுவார்கள். சதுர அடிக்கு 150 ரூபாய் ஏற்றினால் 1,200 சதுர அடிக்கு 1,80,000 ரூபாய். நடுவில் கிடக்கும் மனை யாருடையது என்று கேட்காமல் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கேட்பது ஒன்றும் கஷ்டமில்லை. பக்கத்து சர்வே எண் தெரிந்தால் பட்டா விவரத்தையும் புல வரைபடத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். எதிரே இருப்பது குளமா, பொதுச் சாலையா, லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடமா? அப்படியென்றால் ஓரளவு நிம்மதி. வயல் என்றால் நிம்மதி கொள்ளாதீர்கள். நாஞ்சில் நாட்டில் எத்தனை வயல் மனையானது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளை என்றால், அது இன்னும் கட்டாத கட்டடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பில்டர் விளம்பரத்தில், 'என்றும் மறையாத மலைக் காட்சி' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து இழப்பு அடைந்தவருக்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. அதாவது பக்கத்து மனைக்காரரைப் பிடிக்க முடியாவிட்டாலும், வாக்குக் கொடுத்தவரைப் பிடிக்கலாம். வாய்ச்சொல்லை நிரூபிப்பது பாடு, தாள் வேண்டும்.

காட்சியை உண்மையாகவே உரிமையாக்கிக்கொள்ளவும் ஒரு வழி இருக்கிறது. பக்கத்து மனைக்காரரிடம் பணம் கொடுத்து, இத்தனை அடிக்கு மேல் கட்டுவதில்லை என்று எழுதி வாங்கிப் பதிவு செய்துகொள்வதுதான் அது. பெரிய நகரங்களில் நடக்கிறது. நம் ஊரில் நான் பார்த்ததில்லை. அசோசியேஷனில் இருபது வீடும் சேர்ந்தால் நடக்காத காரியமில்லை, மரம் வெட்டுவதற்கு முன்னாலேயே பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஊர் மொத்தத்துக்கும் ஒரு காட்சியைக் காப்பது வேறு. அது அரசு செய்ய வேண்டியது. கனடாவின் வான்கூவர் நகரம் 1989-இல், பொது இடங்களில் நின்று பார்த்தால் மலை தெரிய வேண்டிய கோணங்களைக் குறித்து, அந்த வழியில் கட்டடங்களின் உயரத்துக்கு எல்லை வைத்தது. நம் நாட்டிலும், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010 முதல் சட்டம் இருக்கிறது. நம் சிதறால் மலைக்கோயிலைப் போன்ற இடங்களுக்கு அது பாதுகாப்பு. தாடகை மலையும் வேளிமலையும் தெரியும் நாலைந்து பொது இடங்களையாவது நாகர்கோவிலின் வளர்ச்சித் திட்டத்தில் குறித்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பால்கனி உள்ளவர்களுக்கு மட்டும் மலை தெரிந்தால் போதுமா?

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அக்காவின் கட்டடத்துக்குத் தெற்கே ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. அங்கே ஒரு ஆச்சி. 2014-க்கு முன்னால் அவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அதே மலை தெரிந்திருக்கும். இப்போது தெரிவது அக்காவின் கட்டடத்துப் பின்சுவரும் சாக்கடைக் குழாய்களும். ஆச்சியிடம் யாரும் கேட்கவில்லை. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள், "நான் அன்னைக்கு அதை நினைச்சே பாக்கலையே" என்றாள்.

ஆகவே ஸ்டே வேண்டாம் என்று முடிவானது. அதற்குப் பதில் கையில் இருந்த வேலைகளைச் செய்தோம். வேலை மேலும் போவதற்கு முன்பே எங்கள் பக்கத்து ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்தோம். பின்னால் விரிசல் விழுந்தால் எது பழசு, எது புதுசு என்று பேச்சு வராது. பிளானில் காட்டியுள்ள பக்க இடைவெளியைத் தளத்தில் விடுகிறார்களா என்று அசோசியேஷன் ஆட்கள் டேப் பிடித்துப் பார்த்தார்கள். இங்கேதான் பக்கத்து வீட்டுக்காரரின் உண்மையான பலம் இருக்கிறது. மலை மறைகிறது என்ற புகார் நிற்காது. விதிப்படி விட வேண்டிய இடத்தை விடவில்லை, அனுமதிக்கு மேல் ஒரு மாடி ஏறுகிறது என்ற புகார் நிற்கும்.

அப்புறம் விளைக்காரரையே போய்ப் பார்த்தோம். அவருக்கும் அறுபது வயது தாண்டியிருக்கும். மகள் கல்யாணக் கடனுக்காகத்தான் பில்டரோடு சேர்ந்திருக்கிறார். அக்கா நேராகக் கேட்டாள்: "அண்ணாச்சி, நீங்க கட்டாம இருக்க முடியாது, தெரியும். மேல தண்ணித் தொட்டியையும் லிப்ட் ரூமையும் மட்டும் கிழக்கு மூலையில வைக்க முடியுமா?"

அவர் எஞ்சினியரைக் கூப்பிட்டுப் பிளானை விரித்தார். தொட்டி மேற்கு மூலையில் இருந்தது. மாற்றினால் குழாய் கொஞ்சம் கூடும், பிளானைத் திருத்திக் கொடுக்க வேண்டும், வேறு ஒன்றும் இல்லை என்றார் எஞ்சினியர். மாற்றினார்கள்.

இப்போது நாலாவது மாடியில் நின்றால் எதிரே சுவர்தான். ஆனால் மொட்டை மாடிக்கு ஏறினால் கிழக்கே தொட்டி நிற்கிறது, மேற்கே திறந்து கிடக்கிறது. அக்கா காப்பி டம்ளரோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் அங்கே கொண்டு போய்ப் போட்டிருக்கிறாள். நெற்றி தெரிவதில்லை. மூக்கும் தாடையும் தெரிகின்றன. போன வாரம் ஓட்டு வீட்டு ஆச்சியை லிப்டில் மேலே கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தாளாம்.